கப்பித்தான் கெலிங்

பினாங்குத் தீவின் வடகரையில் பத்து பெரிங்கி என்றொரு கடற்கரை இருக்கிறது. 'பத்து' என்றால் மலாயில் கல், பாறை. 'பெரிங்கி' நமக்கு நன்றாகத் தெரிந்த சொல்தான். பரங்கிமலை, பரங்கிப்பேட்டை, பரங்கிக்காய் என்று நாம் புழங்கும் அதே பரங்கி. தீவின் கிழக்கே ஜார்ஜ் டவுனில் ஒரு நீண்ட தெரு. அதன் பெயர் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். ஆங்கிலேயர் வைத்த பிட் தெரு என்ற பெயரை எடுத்துவிட்டு, அங்கிருக்கும் பழைய பள்ளிவாசலின் பெயரைத் தெருவுக்கு வைத்தார்கள்.

முதல் பெயர் ஐரோப்பியருக்கு ஆசியா வைத்தது. இரண்டாவது நமக்கு மலாய் மண் வைத்தது. பத்து பெரிங்கியில் குளிக்க வரும் ஐரோப்பியர் அந்தப் பலகையைப் பார்த்து முகம் சுளிப்பதில்லை. ஆனால் கெலிங் என்ற சொல்லை ஒரு மலேசியத் தமிழரின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு நல்லபடியாக வீடு திரும்ப முடியாது. ஒரே தீவில், பிற நாட்டாருக்கு வைத்த இரண்டு பெயர்களில் ஒன்று ஊர்ப்பெயராக அடங்கிவிட்டது. மற்றொன்று வசவாகிவிட்டது. இதற்குக் காரணம் சொல்லில் இல்லை, சொல்லப்பட்டவர்கள் செய்த வேலையில் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

கெலிங் என்ற சொல் கலிங்கத்திலிருந்து வந்தது. கலிங்கக் கரையிலிருந்து முதலில் போன கப்பல்காரர்களின் பெயர், பிறகு சோழமண்டலக் கரையிலிருந்து போன எல்லாருக்கும் ஆகிவிட்டது. ஒரு மாவட்டத்துக்காரரை வைத்து நாட்டையே அழைப்பது எங்கும் உள்ள வழக்கம். 11ஆம் நூற்றாண்டு ஜாவா சாசனங்களில் வெளிநாட்டு மக்களின் வரிசையில் கிலிங் வருகிறது, சிங்களர் பெயரும் கெமர் பெயரும் இருக்கும் அதே வரிசையில். அந்த வரிசையில் யாருக்கும் மேலும் கீழும் இல்லை.

மலாய் மக்களின் பழைய வரலாற்று ஏடான செஜாரா மெலாயுவில் 'பெனுவா கெலிங்' என்ற தொடர் வரும். கெலிங் தேசம் என்று பொருள். அந்தத் தேசத்திலிருந்து ராஜா சூலன் என்ற பேரரசன் வருகிறான். சோழன் என்ற பெயரின் எதிரொலி அது. மலாக்கா அரச மரபே அந்த மன்னன் வழியில் வேர் விடுகிறது என்று ஏடு பெருமையோடு சொல்கிறது. அதே ஏட்டில் இன்னொரு கதை. சுல்தான் மஹ்மூதுக்கு நாற்பது வகைத் துணி வேண்டும். ஹாங் நாடிம் என்பவனைக் கெலிங் தேசத்துக்கு அனுப்புகிறார். அங்கே ஓவியர்கள் வரைந்து காட்டும் பூ எதுவும் அவன் மனத்துக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் தானே கோல் வாங்கி வரைகிறான். மலாக்கா அரண்மனைக்கு அழகான துணி வேண்டுமென்றால் கெலிங் தேசத்துக்குக் கப்பல் விட வேண்டும் என்பது அந்தக் காலத்து உலகம். மலாய் வீரகாவிய நாயகன் ஹாங் துவாவுக்குக் கெலிங் மொழி தெரியும் என்று அவன் கதை சொல்கிறது. தெரிந்திருப்பது அவன் பெருமைகளில் ஒன்று.

1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தபோது அங்கே கெலிங் வணிகர்களுக்கென்று தனிப் பகுதியே இருந்தது. போர்த்துகீசிய ஏடுகளில் 'நினா சத்து' என்று வரும் பெருவணிகர் தமிழர். நயினா செட்டி என்பதன் சிதைவாக இருக்கலாம். புதிய ஆட்சி அவருக்குப் பெண்டாரா என்ற உயர் பதவி கொடுத்தது. 1514இல் அந்தப் பதவியைப் பிடுங்கி வேறொருவருக்குக் கொடுக்க முடிவானபோது, மானம் போனதென்று தீ மூட்டி அதில் இறங்கிவிட்டார். கெலிங் என்று ஊர் அழைத்த மனிதருக்கு அவ்வளவு மானம் இருந்தது என்பதையே நான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பினாங்குப் பள்ளிவாசலுக்கு வருகிறேன். 1801இல் அதற்கு அடித்தளம் போட்டவர் காதர் முகைதீன் மரைக்காயர். கம்பெனி ஆட்சி அவரைத் தென்னிந்தியர்களுக்குத் தலைவராக ஏற்றது. அதுதான் கப்பித்தான் கெலிங், கெலிங் மக்களின் தலைவர். அவர் கப்பலேறிய ஊர் பரங்கிப்பேட்டை. ஐரோப்பியருக்கு நாம் வைத்த பெயரைத் தாங்கிய ஊரிலிருந்து கிளம்பி, நமக்கு மலாய்க்காரர் வைத்த பெயரைப் பட்டமாக ஏற்றார். அந்தப் பட்டத்தை அவர் வெட்கத்தோடு சுமந்திருக்க முடியாது. வெட்கப்படும் பெயரை யாரும் தாம் கட்டிய தொழுகைத் தலத்தின் மேல் நிற்க விடமாட்டார்கள்.

மலாய் மொழியில் கடைக்குக் 'கெடாய்', கப்பலுக்குக் 'காப்பால்', முதலுக்கு 'மோடால்'. கடை, கப்பல், முதல். இந்த மூன்று சொற்களும் அங்கே போய்ச் சேர்ந்த காலத்தில் கெலிங் என்ற சொல்லுக்கு இருந்த பொருள் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு கப்பலில் ஏறியவர்கள் மாறினார்கள்.

முதலில் கைதிகள். பினாங்குக்கும், 1825 முதல் சிங்கப்பூருக்கும் இந்தியச் சிறைகளிலிருந்து கைதிகளைக் கொண்டுபோனார்கள். சிங்கப்பூரின் சாலைகளையும் புனித ஆண்ட்ரூ தேவாலயத்தையும் அவர்கள் உழைப்பு கட்டியது. 1873 வரை அந்தக் கைதி உழைப்பு நடந்தது. அவர்கள் கால்விலங்கு எழுப்பிய 'கிளிங் கிளிங்' ஓசையிலிருந்துதான் கெலிங் என்ற சொல் பிறந்தது என்று மலேசியாவில் இன்றும் சொல்வார்கள். வரலாற்றுப்படி அது தவறு. சொல் அந்த விலங்குகளைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. ஆனாலும் இந்தக் கதையைத் தவறென்று ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஒரு சொல்லைக் கேட்கும்போது காதில் விலங்கின் சத்தம் விழுகிறது என்று ஒரு சமூகம் சொல்கிறது. சொல்லாய்வாளரிடம் கேட்டு அந்தச் சத்தத்தை நிறுத்த முடியாது.

பிறகு தோட்டத் தொழிலாளர். முதலில் கரும்பு, காப்பி, அப்புறம் ரப்பர். தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு என்று ஊர் ஊராகக் கங்காணி போய் ஆள் கட்டிக்கொண்டு வந்தார். நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாதவர்கள், சாதியால் மிதிபட்டவர்கள். விடியுமுன் பால்மரக் காடு, இருட்டினால் லயத்து வீடு. மேலே தண்டல், அவருக்கு மேலே கிராணி, எல்லாருக்கும் மேலே துரை. 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை அனுப்புவதைத் தடை செய்யும்வரை இந்த ஓட்டம் நின்று நின்று தொடர்ந்தது. 1941இல் கிள்ளானில் தோட்டத் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு இன்னொன்றும் கேட்டார்கள். துரை எதிரே வரும்போது சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை எடுக்க வேண்டும். சைக்கிள் மேல் உட்கார்ந்தபடி போகும் உரிமையையும் ஒரு மனிதன் கேட்டுப் பெற வேண்டியிருந்தது.

இப்படித்தான் கெலிங் என்ற சொல் தரை இறங்கியது. எழுத்து மாறவில்லை, உச்சரிப்பு மாறவில்லை. பட்டுத்துணி கொண்டுவந்தவனை அழைத்த அதே வாய், பால் வாளி சுமந்தவனையும் அப்படியே அழைத்தது. ஆனால் குரல் இறங்கியது. மலாய் வழக்கில் இச்சொல்லை வைத்துக் குடிகாரன், கூச்சல்காரன், வாக்குத் தவறுபவன் என்ற பொருளில் மரபுத்தொடர்கள் சேர்ந்தன. சிங்கப்பூரில் கிலிங் தெரு என்று ஒன்று இருந்தது. அந்தப் பெயர் இழிவாக இருக்கிறது என்ற குரல் எழுந்து, 1920களின் தொடக்கத்திலேயே அதைச் சூலியா தெரு என்று மாற்றிவிட்டார்கள். ஆக, இது நேற்று முளைத்த கோபம் இல்லை. நூறு ஆண்டுக் கோபம்.

இன்றைய நிலை என்ன? மலேசியாவில் இச்சொல்லை அகராதியிலிருந்து எடுக்க வேண்டும் என்று வழக்கே போட்டார்கள். அங்குள்ள மொழி வளர்ச்சி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாக்கா வெளியிடும் அகராதி அது. 2018இல் மகாதீர் முகமது பேச்சில் இச்சொல் வந்து விழுந்தபோது எதிர்ப்பு எழுந்தது, அவர் மன்னிப்புக் கேட்டார். வட மாநிலங்களின் பழைய தலைமுறை மலாய்க்காரர்கள் பலர் உண்மையான திகைப்போடு ஒன்று சொல்வதுண்டு. சின்ன வயதிலிருந்து இப்படித்தான் அழைத்தோம், கெலிங் கடையில் சோறு தின்றோம், ஒரு நாளும் தப்பாக நினைத்ததில்லை என்று. அவர்கள் பொய் சொல்வதாக நான் கருதவில்லை. அவர்கள் நினைவில் இருப்பது நாசி கண்டார் கடையின் குழம்பு மணம். கேட்பவர் நினைவில் இருப்பது தாத்தா இறங்கி நின்ற சைக்கிள். இரண்டும் உண்மை நினைவுகள். ஆனால் வலி யாருக்கோ, சொல்லை வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பள்ளிவாசலின் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. அது நல்லதே. கெலிங் என்ற சொல் தலைநிமிர்ந்து நின்ற காலத்துக்குக் கல்லில் ஒரு சாட்சி வேண்டும்.

உலகின் மற்ற மூலைகளிலும் இதே இறக்கத்தைப் பார்க்கலாம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் ஜெஃபர்சன் மாவட்டத்தில் ஜாப் ரோடு என்று ஒரு சாலை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வந்து நெல் பயிரிட்ட மயூமி என்ற ஜப்பானியக் குடும்பத்தைச் சிறப்பிக்க ஊரார் அன்போடு வைத்த பெயர். பிறகு போர் வந்தது. 1942இல் குடியரசுத் தலைவர் ஆணையொன்றின்படி ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய அமெரிக்கர்களை முள்வேலி முகாம்களில் அடைத்தார்கள். சுவரொட்டிகளிலும் செய்தித்தாள் தலைப்புகளிலும் அந்த மூன்றெழுத்து வெறுப்பின் சுருக்கெழுத்தாயிற்று. முகாமில் வளர்ந்த பிள்ளைகள் அந்தச் சாலைப் பலகையை எப்படி நன்றியறிதலாக வாசிக்க முடியும்? நீண்ட போராட்டத்துக்குப் பின் 2004இல்தான் பெயர் மாறியது. அங்கிருந்த மக்கள் பலர் கடைசிவரை, நாங்கள் மரியாதைக்குத்தானே வைத்தோம் என்றார்கள். பினாங்கில் கேட்ட அதே திகைப்பு.

பாகிஸ்தான் என்ற பெயரை 1933இல் சௌத்ரி ரஹ்மத் அலி ஒரு துண்டுப் பிரசுரத்தில் முன்வைத்தார். 'பாக்' என்றால் தூய்மை. அந்தத் தூய்மையை வெட்டிச் சுருக்கி, 1960களிலும் 70களிலும் லண்டன் தெருக்களில் 'பாக்கி' ஆக்கினார்கள். ஆலையில் இரவு ஷிப்ட் வேலைக்கு வெள்ளையர் வர மறுத்ததால் அழைக்கப்பட்டவர்களுக்கு அந்தப் பெயர். அவர்களைத் தேடிப் போய் அடிப்பதற்கும் அதை வைத்தே ஒரு பெயர் இருந்தது. 1978 மே 4ஆம் தேதி மாலை, வேலை முடித்து வீட்டுக்கு நடந்து போன அல்தாப் அலி என்ற இளைஞரைக் கிழக்கு லண்டனில் குத்திக் கொன்றார்கள். ஆடைத் தொழிலாளி. அவர் பாகிஸ்தானியரே அல்ல, பங்களாதேஷைச் சேர்ந்தவர். பாகிஸ்தானிடமிருந்து போரிட்டுப் பிரிந்து ஏழு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தெருவில் திரிந்த வெறுப்புக்கு அந்த நுட்பமெல்லாம் தேவைப்படவில்லை. தமிழரையும் குஜராத்தியையும் சீக்கியரையும் அந்த ஒரு சொல்லால் அழைத்தார்கள். அல்தாப் அலியின் சவப்பெட்டிக்குப் பின்னால் ஏறத்தாழ 7,000 பேர் நடந்தார்கள். அவர் விழுந்த இடத்தருகே இருந்த பூங்கா இப்போது அவர் பெயரில் இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும், 2021இல் யார்க்‌ஷையர் கிரிக்கெட் வீரர் அசீம் ரஃபீக்கின் புகாரின்போது, அந்தச் சொல் நண்பர்களுக்குள் நடந்த கிண்டல்தான் என்று வாதிட முடிந்தது. அவர் நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து கண்ணீரோடு விளக்க வேண்டியிருந்தது.

எல்லா நாட்டுப் பட்டப்பெயரும் இப்படி ஆவதில்லை. நியூசிலாந்துக்காரர் தம்மைத்தாமே கிவி என்கிறார், அந்நாட்டு டாலருக்கும் சந்தையில் அதே பெயர். யாங்கி என்று ஆங்கிலேயர் செய்த கேலியை அமெரிக்கர் பிடுங்கித் தம் கொடியாக்கிக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவில் ஆங்கிலேயர்களைப் பாம் என்பார்கள். அது இழிவு என்று 2006இல் விளம்பரத் தர வாரியத்திடம் ஒரு புகார் போனது, வாரியம் ஏற்கவில்லை. பாம் என்று அழைக்கப்பட்டவர்கள் அந்த நாட்டை ஆண்டவர்களின் உறவுக்காரர்கள். அந்தப் பெயரை அஞ்சி அவர்கள் பிள்ளைகள் வேறு தெரு வழியாகப் பள்ளிக்குப் போனதில்லை. பரங்கி என்ற சொல் இன்று யாரையும் சுடாததற்கும் இதுவே காரணம். ஆனால் 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி, நான் பரங்கி அல்லன், ரோமாபுரி உயர்குடி என்று பாடுபட்டு நிறுவ வேண்டியிருந்தது. அன்று நம் ஊரில் அந்தச் சொல்லுக்குள் மாட்டிறைச்சி, குடி, தீண்டத்தகாமை எல்லாம் இருந்தன. பிறகு பரங்கி ஆட்சிக்கு வந்தான், சொல்லும் உயர்ந்தது. அதிகாரம் ஏறியவனுடைய பட்டப்பெயர் தானாகக் கழுவப்பட்டுவிடுகிறது.

நாம் வைத்த பெயர்களை இவ்வளவோடு விட்டுவிட எனக்கு மனமில்லை. மலாயாவில் தாம் கெலிங் என்று அழைக்கப்பட்டு நொந்த அதே தமிழர்கள், சீனரைச் 'சடையன்' என்றார்கள். தலைக்குப் பின்னால் அவர்கள் பின்னியிருந்த சடையைப் பார்த்து வைத்த பெயர். சீனத்தில் மன்னராட்சி வீழ்ந்து சடையையும் வெட்டிவிட்டார்கள். பெயரை வெட்டவில்லை. துருக்கர் என்ற நாட்டுப் பெயர் தமிழில் துலுக்கர் ஆகி, திருவரங்கத்தில் நாச்சியாராகவே வணங்கப்பட்டது. இன்று அதே சொல்லைத் தமிழ் பேசும், தமிழில் கனவு காணும் ஒரு முஸ்லிமைப் பார்த்துச் சொன்னால், நீ இந்த ஊர்க்காரன் இல்லை என்றே அவர் காதில் விழுகிறது.

ஆனால் என்னை நெடுநாள் தூங்கவிடாத பெயர்கள் வேறு. இலங்கை மலையகத்தில் தேயிலை பறித்தவர்கள் ஐந்தாறு தலைமுறையாக அங்கேயே பிறந்து மடிந்தார்கள். அந்நாடு அவர்களை இந்தியாக்காரன் என்றது. கள்ளத்தோணி என்றது. சக தமிழரே தோட்டக்காட்டான் என்றார்கள். 1948இல் குடியுரிமை போயிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதிப் பாதியாக வெட்டினார்கள். அப்படி வந்து கூடலூரிலும் கோத்தகிரியிலும் இறங்கியவர்களை நாம் எப்படி அழைத்தோம்? சிலோன்காரன் என்று. அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன். இரண்டுமே வசவுச் சொற்கள் அல்ல, வெறும் நாட்டின் பெயர்கள். ஒரு மனிதனை இரண்டு நாடுகளிலிருந்தும் வெளியே தள்ள அந்த இரண்டு பெயர்களே போதுமானவையாக இருந்தன. இன்று அவர்கள் பிள்ளைகள் தம்மை மலையகத் தமிழர் என்கிறார்கள். மற்றவர் நாட்டைச் சொல்லி வைத்த பெயரை உதறிவிட்டு, தாம் உழைத்த மலையைச் சொல்லித் தாமே வைத்துக்கொண்ட பெயர்.

இப்போது நம் வாயில் இருப்பது 'வடக்கன்'. திசையைச் சொல்லும் சொல். தாளிலே எழுதிப் பார்த்தால் குற்றமே சொல்ல முடியாது, கெலிங்கையும் தாளிலே எழுதிப் பார்த்தால் அப்படித்தான். பத்திருபது ஆண்டுக்கு முன் வடக்கிலிருந்து வந்தவரைச் சேட்டு என்றோம். அடகுக்கடையும் துணிக்கடையும் வைத்திருந்த அவரிடம் பணம் இருந்தது, பெயரிலும் ஒரு மரியாதை ஒட்டிக்கொண்டிருந்தது. அதே ரயிலில் சித்தாளும் கம்பி கட்டுபவரும் வந்து இறங்கியதும் பெயர் 'ன்' விகுதிக்கு இறங்கிவிட்டது. பாஸ்கர் சக்தி இயக்கிய படமொன்றுக்கு இந்தச் சொல்லே தலைப்பாக இருந்தது. தணிக்கைக் குழு ஒப்பவில்லை. 2024இல் அது 'ரயில்' என்ற பெயரில் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்களை இங்கே அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. அரசும் காவல்துறையும் மறுத்தும் ஆயிரக்கணக்கானவர்கள் அஞ்சி ரயிலேறினார்கள். வீடியோ பொய்தான். ஆனால் அதை அவ்வளவு சீக்கிரம் நம்பும்படி அவர்கள் காதில் தினமும் என்ன விழுந்துகொண்டிருந்தது?

போன வருடம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி வாசலில் இருந்த டீக்கடையில் நின்றிருந்தேன். "அந்த வடக்கனுக்கு ஒரு டீ" என்று கடைக்காரர் உள்ளே குரல் கொடுத்தார். குரலில் பகை கொஞ்சமும் இல்லை. டீக்குக் காத்திருந்த பையனுக்கு இருபது வயது இருக்கலாம். ஓவர்லாக் மெஷினில் வேலை, தினமும் ஒன்றரை ஷிப்ட். இரண்டு வருடத்தில் கற்ற தமிழில் நன்றாகவே பேசினான். ஊர் எது என்று கேட்டேன். ஒடிசா, கஞ்சாம் மாவட்டம், கடலோரம் என்றான்.

கஞ்சாம் கலிங்கக் கரை. பழைய கப்பல்கள் கிளம்பிய கரை. மலாயா முழுவதும் நம் தலைமேல் நூறு வருடம் உட்கார்ந்திருந்த பெயருக்கு உண்மையான சொந்தக்காரன் இவன். துணி தைப்பதற்கு நம் ஊருக்கு வந்திருக்கிறான்.

"வடக்கன்னு கூப்பிடறாங்களே தம்பி, உனக்கு ஒண்ணும் தோணாதா?"

"முதல் வருஷம் திரும்பிப் பாக்க மாட்டேன் அண்ணா. வேற யாரையோ கூப்பிடறாங்கன்னு நெனைச்சுக்குவேன்" என்றான். டீயை ஆற்றிக்கொண்டே, "எங்க ஊரு வடக்கே இல்ல அண்ணா, கிழக்கே" என்றான்.

சங்கு ஊதியது. டம்ளரை அலசி வைத்துவிட்டு உள்ளே போனான்.